கணப்பில்லாத வீடு

இஷ்பெல் கெட்டிஸ் ஒன்பது வயதிலேயே கணப்பு மூட்டப் பழகிவிட்டாள். அம்மாவுக்கு நெஞ்சில் சளி, புகை ஆகாது. அப்பா விடியுமுன்பே ஆடுகளைப் பார்க்க மலையேறிவிடுவார். தம்பி டூகல் அப்போது கைக்குழந்தை. ஐந்து மணிக்கு எழுந்து சாம்பலை வாரி, சுள்ளி அடுக்கி, நிலக்கரி போட்டு வீட்டைச் சூடாக்குவது அவள் தலையில் விழுந்தது. அலெக்கைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அதுவேதான் நடந்தது. அலெக் ஒரு பெரிய எஸ்டேட்டில் வேலி போடுகிறவர். எஸ்டேட் கொடுத்த கல்வீட்டில் இன்னொரு கணப்பு, இன்னொரு கரிக்கூடை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மலையில் அந்தப் பக்கம் வருஷத்தில் எட்டு மாதம் தீ வேண்டும். அலெக் இறந்து ஆறு வருஷமான பின்னும், ஐம்பத்தேழு வயதில், பள்ளிப் பேருந்து ஓட்டக் கிளம்புமுன் அவள் தினமும் மண்டியிட்டு அந்தச் சாம்பலை வாரிக்கொண்டுதான் இருந்தாள்.

எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி கல்வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போவதாகவும், வசந்தத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அலெக்கின் காப்பீட்டுப் பணம் தொடாமல் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக இஷ்பெல் ஒரு வீடு வாங்கப் புறப்பட்டாள்.

அவள் கைக்கு எட்டியது ஒரே வீடுதான். ஆற்றுப் பாலம் தாண்டிய சரிவில், உனா ரென்னி என்ற ஓய்வுபெற்ற பேறுகாலத் தாதியின் வீடு. அதில் புகைபோக்கியே கிடையாது. பின்சுவரை ஒட்டி, ஒரு பெரிய மின்விசிறி வைத்த பெட்டி நின்றது. வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை அது உறிஞ்சி உள்ளே தண்ணீரைச் சூடாக்கி அறை அறையாக அனுப்புமாம்.

டூகல் அந்த வட்டாரத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயை வீடு வீடாக ஊற்றும் லாரி ஓட்டுகிறவன். செய்தி கேட்டதும் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வெளியில மைனஸ் பத்து. அந்தக் காத்துல என்ன சூடு இருக்கும், சொல்லு? ஃப்ரிட்ஜைத் திருப்பி வெச்சுட்டுக் குளிர் காயப்போறேன்ற."

"நீ எண்ணெய் விக்கிறவன். வேற என்ன சொல்லுவ?"

"நான் தம்பியாத்தான் சொல்றேன்."

ஜனவரியில் வீட்டைப் பார்க்கப் போனபோது இஷ்பெல் முதலில் சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, அது எப்போதும் அப்படித்தான் என்றார் உனா. இஷ்பெலுக்கு மனசு ஒப்பவில்லை. சுடுகிறது என்றால் கையைச் சுட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கிவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்: நல்ல குளிர் நாளாகப் பார்த்து ஒருநாள் காலை முழுக்க இங்கே உட்கார்ந்து பார்க்கலாமா?

உனா அவளை ஒரு கணம் பார்த்தார். "சனிக்கிழமை பனி கொட்டுமாம். வாங்க. பின்னல் வேலை ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, எனக்கு ரொம்ப நேரம் பேச வராது."

சொன்னபடியே சனிக்கிழமை எட்டு மணிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே வேலிக்கம்பிகளெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தன. உனா தேநீரும் ஓட்ஸ் பிஸ்கட்டும் வைத்துவிட்டுத் தன் குறுக்கெழுத்தில் மூழ்கினார். இஷ்பெல் ஒரு காலுறையின் குதிகாலைப் பின்னி முடித்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டாகியிருந்தது. அவள் போட்டுக்கொண்டு வந்த இரண்டு கம்பளிச் சட்டைகளும் நாற்காலி முதுகில் தொங்கின. எப்போது கழற்றினோம் என்றே அவளுக்கு நினைவில்லை. நாலு மணி நேரம் குளிரைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்காமல் அவள் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை.

கிளம்பும்போது உனா வாசல்வரை வந்தார். "குறையையும் சொல்லிடறேன். பின் படுக்கையறை கொஞ்சம் சில்லுன்னுதான் இருக்கும், அங்க ரேடியேட்டர் சின்னது. விசிறி உறுமும். வருஷத்துக்கு ஒருதரம் ஆள் வந்து பார்க்கணும். மத்தபடி நான் இந்த வீட்டை விடறது மகள் கூப்பிட்டாங்கிறதுக்காகத்தான்."

வீட்டின் தரம் குறித்த மதிப்பீட்டாளரின் அறிக்கையைவிட அந்தப் பின் படுக்கையறைப் பேச்சுத்தான் இஷ்பெலை அசைத்தது. திங்கட்கிழமையே வக்கீல் மூலம் விலை எழுதி அனுப்பினாள். வேறு இரண்டு பேரும் வீட்டுக்கு விலை எழுதியிருந்தார்கள். உனா இவளுடையதை எடுத்துக்கொண்டார்.

மார்ச்சில் குடிபோனாள். பனி இன்னும் தரையில் கிடந்தது. பழக்கம் விடுமா? காலையில் பேருந்துக்குக் கிளம்பும்போது சுவரிலிருந்த குமிழைத் திருகி அணைத்துவிடுவாள். திரும்பி வந்ததும் முழு வேகத்தில் ஏற்றிவிடுவாள். ஆளில்லாத வீட்டில் தீ எரியவிட்டுப் போவதாவது! விளைவு, மூன்று நாளும் வீடு படுக்கப்போகும் வேளையில்தான் கொஞ்சம் இளகியது. நான்காம் நாள் டூகல் வந்து கோட்டைக் கழற்றாமலேயே தேநீர் குடித்தான். அந்தக் கோட்டுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் போனதும் உனாவுக்குத் தொலைபேசினாள்.

"என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க," என்றார் உனா. இவள் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அது கணப்பு இல்லம்மா. மூட்டவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு அளவுல வெச்சுட்டு மறந்துடுங்க. தொடாம இருக்கிறதுதான் அதுக்கு நீங்க செய்ய வேண்டிய வேலை."

தொடாமல் இருந்தாள். இரண்டு நாளில் சுவரெல்லாம் சூடேறி வீடு நிலைகொண்டது. அதற்கடுத்த ஈரமான காலை ஒன்றில் டூகல் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். பின்சுவரிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறான். வீடு எரிகிறது என்று அக்காவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். வீட்டுச் செருப்போடு பனியில் நின்றவள், அது பெட்டி தன் மேல் படிந்த உறைபனியை உருக்கித் தள்ளும் ஆவி என்று சொல்லி முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது. டூகல் மெதுவாகக் கிட்டப்போய் மோந்து பார்த்தான்.

"எண்ணெய் வாசனைகூட இல்ல," என்றான், கொஞ்சம் வருத்தமாகவே. அன்றைக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

ஆனால் இஷ்பெலின் உடம்புக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. ஐந்து மணிக்குக் கண் விழித்துக்கொள்ளும். எழுந்து கட்டிலோரம் உட்கார்வாள். வார வேண்டிய சாம்பல் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாள். சுத்தமாக இருந்த குளியலறையை மறுபடி கழுவுவாள். அம்மாவுக்கும் அலெக்குக்கும் தான் கொடுத்தது அந்தச் சூடுதான், வேறென்ன கொடுத்தோம் என்றெல்லாம் யோசனை ஓடும். ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை தொலைபேசி மணி அவளை எழுப்பியது. ஜன்னலில் வெயில். பேசியது முதல் நிறுத்தத்துப் பண்ணைக்காரி செங்கா.

"உயிரோட இருக்கியா, இல்லையா? பிள்ளைங்க அரை மணி நேரமா ரோட்ல நிக்குதுங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீ ஒரு நிமிஷம் பிந்தினதில்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமான்னு இவர் கேட்கிறார்."

இஷ்பெல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால். போர்வை ஒரு பக்கம் கிடந்தது. பாதம் இரண்டும் வெளியே நீட்டியிருந்தும் கதகதப்பாக இருந்தன.

"ஒண்ணுமில்ல செங்கா," என்றாள். "தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?"

"ஆமா. தூங்கிட்டேன்." அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதோ வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, தலைகூட வாராமல் பேருந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளைகள் கைதட்டி வரவேற்றார்கள். பள்ளியில் தலைமையாசிரியைக்கு ஒரு வரி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள்.

பிற்பகல் திரும்பும் வழியில் கடைத்தெருவில் பேருந்தை ஓரங்கட்டினாள். ஐம்பத்தேழு வருஷத்தில் அவளிடம் ஒரு அலாரக் கடிகாரம் இருந்ததில்லை. நீல நிறத்தில் ஒன்றை எடுத்து, எப்படித் திருகுவது என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று அவர் கேட்டார்.

"ஆறரை," என்றாள் இஷ்பெல். பிறகு, "ஆறே முக்காலே வைங்க," என்றாள்.