நாலு மூலைத் தண்டு

புதினா ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டு விரல்களுக்கிடையே உருள மறுத்தது, நாலு மூலை.

மயிலாடுதுறை வீட்டுக் கிணற்றடியில் தானாய் முளைத்திருந்த துளசியை அம்மா பிடுங்கிய காலை நினைவுக்கு வந்தது.

"சிலுவை மாட்டின வேதக்காரங்க வீட்ல துளசி எதுக்கு?"

கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, அந்தத் தண்டை அம்மாவின் கையில் திணித்தாள். "உருட்டிப் பாரும்மா. புதினா மாதிரியே நாலு மூலை, எதிரெதிர் இலை, உதடு வச்ச பூ. ரெண்டும் ஒரே குடும்பம்."

அம்மா அதைக் குப்பையில்தான் போட்டாள். கிணற்றடியில் வாசம் மட்டும் நின்றது.

மறுவருஷமே அக்காவைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கல்லறைத் திருநாளுக்கு முன் புல் செதுக்கப் போனோம். அவள் தலைமாட்டில் ஒரு துளசி முளைத்திருந்தது. பிடுங்கக் குனிந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்டின் நாலு மூலையையும் விரலால் தடவினாள்.

"விட்டுடு. அது அவ குடும்பம்."