ஜாக்கெட் பைக்குள் கொஞ்சம் வெயில்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் ஊருக்குக் கிழக்கே வரிசையாக நிற்கிற குன்றுகளில் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தோம். நான், என் டீமில் வேலை பார்க்கும் ஈரோட்டுக்கார அக்கா, அவருடைய ஐந்து வயது மகள். மூன்றே பேர். இங்கே ஜூனில் காலண்டரில்தான் கோடை. குன்று முழுக்க மூடுபனி. முன்னால் ஓடுகிற குழந்தை பத்தடியில் மறைந்துவிடுவாள், சிரிப்பு மட்டும் கேட்கும், கொஞ்ச நேரத்தில் வெண்மைக்குள்ளிருந்து மறுபடி வருவாள். கீழே ஃப்ரீவே, ஆபீஸ், வெள்ளிக்கிழமை நான் முடிக்காமல் விட்டு வந்த வேலை, எதுவுமே இல்லை. மேகத்துக்குள் நடக்கிறோமா, தூக்கத்தில் நடக்கிறோமா என்று தெரியாத ஒரு சுகம்.

அக்காவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. நான் வேப், அதாவது பேட்டரியில் ஓடுகிற எலக்ட்ரானிக் சிகரெட், பிடிப்பேன். சிகரெட்டை விடுவதற்காக அதற்கு மாறியிருந்தேன்.

எதைத் தொட்டாலும் அதன் அடிவரை தோண்டிப் படிக்கிற ஆள் நான். என்னுடையது பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற வகை. விரல் நீளத்தில், டார்ச் லைட் செல்லைப் போல இருக்கும். நல்ல பேட்டரி தேடி மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்தேன். எது போலி, மேலே அச்சடித்திருக்கிற ஆம்பியர் நிஜம்தானா, பழைய லேப்டாப்பிலிருந்து உருவியதற்குப் புது உறை மாட்டி விற்கிறார்களா என்று ஸ்ப்ரெட்ஷீட்டே போட்டேன். கடைசியில் வாங்கப் போனபோது கடைக்காரர் கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார். வெளியே எடுத்துப்போனால் இதற்குள் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும், சும்மா பையில் போடக்கூடாது என்றார். எனக்குத் தெரியாததா என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். டப்பா அழகாக இருந்தது. அதில் சோம்பு போட்டு வைத்துக்கொண்டேன். ஆபீஸில் அக்கா பக்கத்து சீட். வாயில் வாசனை தெரியக்கூடாதே.

அன்று காரை பார்க் பண்ணியதும் வேப்பை சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். தானாக ஆன் ஆகித் தொலைத்தால் என்ன செய்வது என்று, ரொம்பப் பொறுப்பாக, பேட்டரியைக் கழற்றினேன். கழற்றி ஜாக்கெட் பையில் போட்டேன். அதே பையில் வீட்டுச் சாவி. சாவியில் நீளமான, மெல்லிய ஸ்டீல் சங்கிலி. இன்னொரு பையில் சோம்பு டப்பா.

பாதி ஏற்றத்தில் குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லை. என் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். கணுக்கால் வரை தொங்கியது. பைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு பென்குவின் மாதிரி முன்னால் நடந்தாள். கால்மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்து, "சித்தி, யுவர் பாக்கெட் இஸ் சோ வார்ம்" என்றாள்.

"சித்தி உனக்கோசரம் வெயிலை மடிச்சு உள்ள வெச்சிருக்கறா கண்ணு" என்றார் அக்கா.

எனக்கு அந்த வாக்கியம் அவ்வளவு பிடித்திருந்தது. பனிக்குள் ஒரு குழந்தை, அதன் கையில் கொஞ்சம் வெயில். அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். இன்ஜினியரிங் படித்தவள், கழற்றிக் கால்மணி நேரமான ஜாக்கெட்டுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அடுத்து அவள் கத்தியதுதான் கேட்டது. கையை உதறிக்கொண்டு அழுதாள். நெயில் பாலிஷ் மாதிரி தித்திப்பாக ஒரு வாசனை. அப்போதுதான் புரிந்தது, சாவிச் சங்கிலி பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கிறது. பாய்ந்து ஜாக்கெட்டை உருவினேன். பக்கத்தில் வீசக் கையை ஓங்கினேன்.

"நாட் தி கிராஸ்" என்று ஒரு குரல் அதட்டியது. மேலிருந்து ஓடி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண். பாதையின் இருபுறமும் இடுப்பளவு காய்ந்த புல். அவள் காட்டிய இடத்தில், வெறும் சரளைக்கல் மேல் போட்டேன். எங்கள் மூவரையும் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். சீறல் கேட்டது. வெள்ளைப் புகை எழுந்து பனியோடு கலந்தது. பிறகு ஜாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு நாக்கு நெருப்பு. அவள் தன் தண்ணீர் முழுவதையும் அதன் மேல் ஊற்றிவிட்டு, அது ஆறுகிற வரை பக்கத்திலேயே நின்றாள்.

வேப்பா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் ஷார்ட்ஸுக்குக் கீழே, தொடையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு. என்னுடைய பையில் பேட்டரியோடு இருந்தது சில்லறைக் காசு என்றாள். குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

குழந்தைக்கு இரண்டு விரல் நுனி சிவந்திருந்தது, அவ்வளவுதான். அக்கா தன் பாட்டில் தண்ணீரை அந்த விரல்கள் மேல் விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். ஜாக்கெட்டை உருவியபோது விழுந்த டப்பா அவர் கையில் இருந்தது. கார் பக்கத்தில் வந்ததும் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது எதுக்கான டப்பா?"

பேட்டரி வைப்பதற்கு என்றேன்.

டப்பாவை மூடி என் கையில் வைத்தார். "நீ பிடிக்கறது உன் இஷ்டம். எங்கிட்டச் சொல்லியிருந்தா இந்த டப்பால சோம்பு இருந்திருக்காது. என் புள்ள கையில பேட்டரி இருந்திருக்காது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காரில் ஏறியதும் நான்தான் அழுதேன். பின் சீட்டிலிருந்து அந்தப் பொடிசு, "இட்ஸ் ஓகே, சித்தி" என்றது.

வேப்பை அன்றே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஐந்து மாதம் ஆனது. ஒளிப்பதை மட்டும் அன்றோடு விட்டேன். அக்கா இரண்டு வாரம் லஞ்சுக்குக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் தயிர் சாதத்தோடு வந்து என் மேஜையில் உட்கார்ந்தார், சோம்பு இருக்கா என்று கேட்டபடி.

குழந்தைக்கு மட்டும் அது இன்றுவரை மாயக்கதை. அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் என் புது ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுத் துழாவி, "நோ சன் டுடே" என்று உதட்டைப் பிதுக்குவாள். அந்தச் சின்னக் கை வெளியே வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை. என் பை சில்லென்று வெறுமையாகக் கிடப்பதில் இருக்கிற நிம்மதி எனக்கு இன்னும் வேறெதிலும் கிடைக்கவில்லை.