எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

போன ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டி ஒன்றுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... சுடுவதற்கு இல்லை. வடக்கனந்தலில் மக்காச்சோளம் போடும் என் நண்பன் செல்வராஜின் மகள் நிவேதாவுக்குக் கை தட்டுவதற்கு.

அவளுடையது ஏர் ரைபிள். ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு. பார்த்தால் மிலிட்டரி துப்பாக்கி போலவே இருக்கும். நிவேதாவுக்கு இடது கைப் பழக்கம். அவள் தோளில் சரியாக உட்கார்ந்தது அது ஒன்றுதான் என்று கோச் சொன்னதால் போன வருஷம் வாங்கினார்கள்.

வாங்கும்போது என்னையும் கூட்டிப் போனான் செல்வராஜ். கல்லூரி என்.சி.சி.யில் நான் துப்பாக்கி துடைத்திருக்கிறேன் – அந்தத் தகுதி அவனுக்குப் போதும். தட்டிப் பார்த்தான். தூக்கிப் பார்த்தான். கடைசியில் டிராக்டர் வாங்குகிறவன் மாதிரி ஒரு கேள்வி கேட்டான்.

"இதுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இன்னா இன்னா கெடைக்கும்?"

நாம் எந்தப் பொருளைத்தான் வந்தபடியே விட்டிருக்கிறோம்? புது பைக் ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கா வருகிறது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று, ஹாரன் மாற்றி, சீட் கவர் போட்டு, பிள்ளைகள் பெயரை ஒட்டிக்கொண்டுதான் ஊருக்குள் நுழையும். அப்போதுதான் அது நம்முடையது என்று மனசு ஒப்புக்கொள்கிறது.

போட்டிக்கு முந்தைய வாரம் நிவேதா செமஸ்டர் பரீட்சைக்காக ஹாஸ்டலில் இருந்தாள். செல்வராஜ் ரைபிளைத் தூக்கிக்கொண்டு சென்னை போனான். குறி பார்க்கும் பழைய சைட்டைக் கழற்றிக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, இம்போர்ட்டட் டெலஸ்கோப் மாட்டி வந்தான். டிராக்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவரிடம் கொடுத்து, அதன்மேல் மகள் பெயரை ரேடியத்தில் ஒட்டி வாங்கினான். அவளிடம் மூச்சு விடவில்லை... சர்ப்ரைஸாம்.

போட்டி மைதானத்தில் பெட்டியைத் திறந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பழைய சைட்டு எங்கப்பா?"

"அத வெச்சிக்கினு இன்னா பண்றது? இதுல எறும்பு போறதுகூடத் தெரியும், பாரு."

சோதனை மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் சொன்னார். "இந்தப் போட்டியில டெலஸ்கோப்பு கூடாதுங்க. கழட்டிட்டு சைட்ட மாட்டிக்கினு வாங்க."

மாட்டுவதற்கு சைட் எங்கே இருக்கிறது?

யாரோ இரக்கப்பட்டு ஒரு ரைபிளை இரவல் கொடுத்தார்கள். வலது கைக்காரர்களுக்குச் செய்தது. அதைத் தோளில் வைக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் டீ குடித்தேன். மாநிலப் போட்டிக்கு அவள் தேர்வாகவில்லை. ஜூனியர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.

காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சின்னசேலம் தாண்டியதும் செல்வராஜ் மெதுவாக ஆரம்பித்தான்.

"எல்லாம் உனுக்காகத்தாம்மா செஞ்சேன்."

நிவேதா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "தெரியும்ப்பா. நான் சுடறத ஒரு வாட்டி வந்து பாருன்னு ஒரு வருஷமா கூப்ட்டுக்கினு இருந்தேன். வந்திருந்தா, அந்த சைட்டே போதும்னு உனுக்கே தெரிஞ்சிருக்கும்."

எனக்கே சுருக்கென்று இருந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? பிள்ளைகளுக்கு என்னவெல்லாமோ மாட்டிவிடுகிறோம். கூட உட்கார்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

நேற்று கோச் போன் செய்தார். செல்வராஜ் சென்னைக்குப் போய் அதே சைட்டைக் கெஞ்சி வாங்கி வந்து, முதல்முறையாக அவள் பயிற்சி செய்யும் கிளப்பில் வந்து உட்கார்ந்திருந்தானாம்.

நிவேதா வரவில்லை.