முதுகில் எழுத்துள்ள மர மனிதர்

காலை 5.40. புறக்கோட்டையிலிருந்து புத்தளம் பஸ் புறப்பட்டபோது என் மடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு முழ உயரம், கறுத்த மரம், பிதுங்கிய கண்கள், யாரையோ அதட்டுவதுபோல் தூக்கிய கைகள். துவாயால் சுற்றியிருந்தேன், கைகள் மட்டும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இவருக்கும் டிக்கட்டா?" என்று கொண்டக்டர் கேட்டார்.

கொழும்பில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. இந்த ஆளின் முதுகில் அரபு எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. வெளிநாட்டில் அரபு படித்த இருவரிடம் காட்டினோம். எழுத்து அரபு, சொல் அரபு இல்லை என்று கைவிரித்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் சுவாஹிலியை அரபு எழுத்தில் எழுதுவார்களே என்று துள்ளியவள் நான்தான். புத்தளத்தில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் இருக்கிறார்கள்; சிலையும் கற்பிட்டிப் பக்கத்து வீடொன்றிலிருந்துதான் விலைக்கு வந்தது. முடிந்தது கதை! 'ஆபிரிக்கப் பழங்குடிச் சிற்பம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நாளைக் காலை அந்தக் குறிப்புப் பலகை அச்சுக்குப் போகிறது. எனக்கோ மூன்று நாளாக நித்திரை இல்லை; அந்த வரிகளைச் சுவாஹிலி தெரிந்த ஒருவரிடமும் காட்டவில்லை. என் குறிப்புப் பிழையென்றால், செய்தவருடைய கையிலிருந்து இந்த ஆளைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்த பாவம் எனக்கு. பணிப்பாளரிடம் கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, சிலை வந்த வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

9.50. பாலாவிச் சந்தி. லொறிகள் கிளப்பிய தூசி ஒரு பக்கம், உப்பளத்து வெள்ளை வெயில் மறுபக்கம். கற்பிட்டி பஸ் ஆள் சேரும்வரை நகராது என்றார்கள். பொறுமை எனக்குப் பிறப்பிலேயே குறைவு. ரிஸ்வான் என்பவரின் ஓட்டோவில் நாலாயிரம் ரூபாவுக்குப் பேசி ஏறினேன்.

துவாய் நழுவியதும் ரிஸ்வான் கண்ணாடியில் பார்த்தார்.

"மிஸ், முதுகில ஓதுற எழுத்து மாதிரி இரிக்கே?"

"எழுத்து அரபுதான். ஆனா ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

"எங்கட தாத்தாக்கிட்ட காட்டுங்களேன். அவ அரபுத்தமிழ் கித்தாபெல்லாம் கடகடண்டு வாசிப்பா."

இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. அது தெரிந்த எனக்கு மற்றது ஏன் தோன்றவில்லை? அரபுத்தமிழ்! தமிழையே அரபு எழுத்தில் எழுதும் பழைய வழக்கம். சுவாஹிலிவரை பறந்த மூளை பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. "ஐயோ, தமிழா!" என்று நான் கத்தியதில் ஓட்டோ ஒருமுறை ஆடியே விட்டது.

10.55. குறிஞ்சிப்பிட்டி. நஸீமா தாத்தா முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் கையிலிருந்ததைக் கண்டதும் பின்வாங்கினார்.

"யா அல்லாஹ்! உருவத்த வீட்டுக்க கொண்டுவராதீங்க புள்ள. வெளியால வெய்ங்க. மொகத்தக் கவுத்துங்க."

சாக்கின்மேல் குப்புறப் படுக்கவைத்தேன். வெயில் சாய்வாக முதுகில் விழ, நாங்கள் விளக்கைப் பிடித்தும் காணாத கோடுகளெல்லாம் பளிச்சென்று எழுந்தன. தாத்தா குனிந்து விரலை வைத்தார்.

"இந்தா, தால் எழுத்துக்குக் கீழ புள்ளி. அரபில இது இல்ல. இது எங்கட டானா."

அந்தப் புள்ளியைப் பூச்சி அரித்த துளை என்று நான் பதிவேட்டில் எழுதியிருந்தேன்!

அவர் எழுத்துக் கூட்டினார். "ந... க்க... வார..."

ரிஸ்வான் வெடித்துச் சிரித்தார். "நக்க வாறமாம்! யாரு வாற? என்னத்த நக்க?"

"சும்மா இரிடா. வாரமெண்டா கிழமையா இரிக்கும்" என்றார் தாத்தா. "ஆனா இங்க ஆரு வாரமெண்டு கதைக்கிற?"

நான் அதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தபோது பாடமாக்கிய பெயர் அது. நக்கவாரம், நிக்கோபார் தீவுகளுக்குத் தமிழர் வைத்த பழைய பெயர்! கைபேசியில் நிக்கோபார் மரச்சிலைகளைத் தேடினேன். தூக்கிய கைகள், பிதுங்கிய கண்கள். எங்கள் ஆளின் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நான் முற்றத்தில் குதித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"இரிங்க புள்ள, முடியல்ல" என்று தாத்தா அடக்கினார். பிறகு மெதுவாக, ஓதும் ராகத்திலேயே முழுவதையும் வாசித்தார்.

"நக்கவாரத்துக் கூட்டாளி கையால செஞ்சு தந்தது."

ரிஸ்வானின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப கப்பல்ல போன எங்கட ஆள் ஒருத்தர்தான் எழுதிருக்கார்" என்றார். தாத்தா முந்தானையால் அந்த முதுகில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டார்.

12.10. பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆபிரிக்கா பிழை, பிழை என்னுடையது என்று ஒரே மூச்சில் சொன்னேன். இத்தனை சந்தோசமாக நான் தோற்றதே இல்லை.

"சரி, நிக்கோபார். எந்தப் பழங்குடி எண்டு போடுறது?" என்றார் அவர்.

"அந்தச் சொல்லே வேண்டாம் சேர். முதுகில எழுதினவர் அப்பிடி எழுதேல்ல. தந்த ஆளைக் கூட்டாளி எண்டுதான் எழுதியிருக்கிறார்."

அந்தப் பக்கம் கதிரையை இழுக்கும் ஓசை கேட்டது.

"சொல்லும்" என்றார். "அவர் எழுதினபடியே சொல்லும். எழுதுறன்."