சூட்டில் மடித்த மூடி

என் மேசையில் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக், மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பு, நடுவில் தாள்போல மெல்லிய ஒரு மடிப்பு. மூடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். இதைத் திறக்கும்போது இன்றும் எனக்குப் பயம்தான், எங்கே ஒடிந்துவிடுமோ என்று.

விருத்தாசலத்தில் நான் மெஷின் ஓட்டிய கம்பெனியின் முதலாளியம்மா அதுவரை பீங்கான் பொம்மை செய்தவர். வியாபாரம் படுத்ததும் நகையை விற்று ஒரு பழைய பிளாஸ்டிக் வார்ப்பு மெஷினை வாங்கினார். பழக்கம்தான் மாறவில்லை. களிமண் கூழை அச்சில் மெதுவாக ஊற்ற வேண்டும், சூளையிலிருந்து வந்ததை ஆறும்வரை தொடக்கூடாது. இரண்டையும் பிளாஸ்டிக்குக்கும் சட்டமாக்கிவிட்டார். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்து வலது கை வெந்துபோனவர். அவரை யார் எதிர்த்துப் பேசுவது?

நாங்கள் வார்த்த மாத்திரைப் பெட்டிகளின் மூடிகள் மடிப்பிலேயே ஒடிந்தன. சரக்கு திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் ஆர்டர் கொடுத்தவரே வேனோடு வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி வார்க்கும் அச்சு அவருடையது.

"இன்னிக்கும் ஒடஞ்சா அச்சக் கழட்டிக் குடுத்துடுங்கம்மா."

அச்சு போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான். டிப்ளமாவில் படித்ததைப் பயந்துகொண்டே சொன்னேன். உருகிய பிளாஸ்டிக்கில் மூலக்கூறுகள் நூல்போலச் சுருண்டு கிடக்கும். குறுகிய மடிப்பு வழியே வேகமாகப் பாய்ந்தால் அவை நீண்டு, ஓடிய திசையிலேயே படிகமாக இறுகும், வளைத்தாலும் தாங்கும். மெதுவாக ஓடினால் சுருண்டபடியே உருண்டை உருண்டையாகப் படிகமாகி, வளைக்கும்போது உருண்டைகளுக்கு நடுவே பிளந்துவிடும். சூடு ஆறுவதற்குள் மடித்துவிட்டால் நூல்கள் இன்னும் நன்றாக நீளும்.

"வேகமா வுட்டா அச்சு தாங்குமா?"

"தெரியலம்மா."

"எப்படியும் போவப் போவுது. வுடு."

வேகத்தைக் கூட்டினேன். மெஷின் அதிர்ந்தது. அச்சு திறந்து பெட்டி விழுந்தது. நான் கையுறையைத் தேடுவதற்குள் அவர் அந்த வெந்த கையாலேயே அதை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். ஒடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அடுத்ததப் போடு" என்றார்.

அச்சை ஏற்றிப்போக வந்த வேன் அன்று காலியாகத் திரும்பியது. கம்பெனி இன்றும் ஓடுகிறது, முதலாளியம்மாதான் இல்லை. அவரை நினைக்காமல் நான் மாத்திரை போட்டதில்லை. அன்று முதலில் விழுந்த பெட்டி இது. ஓரத்தில் இருக்கும் பள்ளம், சூட்டில் பதிந்த அவருடைய கட்டைவிரல். திறக்க நானும் அங்கேதான் விரல் வைக்கிறேன்.