மாத்திரையா பேச்சா என்று கேட்டபோது சொல்லாமல் விட்டது

என் நோயின் முதல் அறிகுறி, நான் பாதியில் எழுந்து போனது.

அருப்புக்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. அண்ணன் கல்லாவைப் பார்ப்பார், நான் சேலைப் பகுதியைப் பார்ப்பேன். அன்றைக்குப் பந்தல்குடியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முகூர்த்தச் சேலையை எடுத்துப் போட்டவன், முந்தியை விரித்துக் காட்டும் முன்பே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். யார்மேலும் கோபமில்லை. வயிற்றுவலியும் இல்லை. சேலை விரிக்கும் அந்த மெத்தையில் இன்னொரு நொடி உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பினேன். கல்யாண வீட்டார் போயிருந்தார்கள். "எங்கடா போன?" என்றார் அண்ணன். டீ குடிக்க என்றேன். பாதி வியாபாரத்தில் டீ குடிக்கப் போகிறவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அண்ணன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனச்சோர்வு என்றால் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடப்பது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். சோறு வாயில் சுற்றிக்கொண்டே இருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லுவாள். கேட்டு முடித்ததும் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை நினைவிருக்காது.

வாயு என்று மருந்து தந்தார்கள். இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள். தைராய்டு (கழுத்துச் சுரப்பி) பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதாக வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் எரிச்சல். கடைசியில் எங்களூர் டாக்டர்தான் மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். சரக்கு எடுக்கப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு, மனைவி ராஜேஸ்வரியோடு போனேன்.

அந்த டாக்டர் அவசரமில்லாமல் கேட்டார். டிப்ரஷன் (மனம் வாரக்கணக்கில் சோர்ந்து, உறக்கம், பசி, விருப்பம் எல்லாவற்றையும் கெடுக்கும் நோய்) என்றார். சிலருக்கு அது ஓரிடத்தில் இருக்க விடாத பதைபதைப்பாகவும் வரும் என்று விளக்கினார். பிறகு சாதாரணமாகவே கேட்டார்.

"சாகணும்ங்கிற மாதிரி நெனப்பு வருதா?"

இந்த இடத்தில் எங்கள் கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடையில் இல்லை என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கேட்ட நிறம் கைவசம் இல்லாவிட்டால், "வந்துக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள இதப் பாருங்க" என்போம். வியாபாரம் எப்படி என்று கேட்டால், ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும், "நல்லா போகுது" என்போம். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் அம்மா நிறைந்துவிட்டது என்றுதான் சொல்லுவாள். குறையைச் சொன்னால் குறை வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. பேசப் பழகிய நாளிலிருந்து இப்படியே பேசி வளர்ந்தவன் நான்.

"சேச்சே, அதெல்லாம் வராதுங்க. நல்லாத்தான் இருக்கேன், தூக்கந்தான் கொஞ்சம் வரணும்" என்றேன்.

பக்கத்தில் ராஜேஸ்வரி நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. உண்மையில் அந்த நினைப்பு வரத் தொடங்கி நெடுநாளாகியிருந்தது.

நான் சொன்னதை வைத்துத்தானே டாக்டர் எடை போட முடியும்? நோய் ஆரம்ப நிலையில் இருப்பதாகச் சொன்னார். "இந்த நிலையில ரெண்டு வழி இருக்கு. மாத்திரையில ஆரம்பிக்கலாம், இல்ல பேச்சு சிகிச்சையில ஆரம்பிக்கலாம். நீங்க எத விரும்புறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் பிறரைத் தேர்ந்தெடுக்க வைத்தே சோறு தின்றவன் நான். இரண்டு சேலைக்கு நடுவில் தவிக்கும் பெண்ணிடம் எதை மெல்ல ஒதுக்கி வைக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் அந்தச் சமயத்தில், காலையில் எந்தச் சட்டையைப் போடுவதென்று தெரியாமல் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தேர்ந்தெடுக்கும் சக்தியைத்தான் இந்த நோய் முதலில் பிடுங்குகிறது. பிடுங்கியதைக் கொண்டே வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

பேச்சு என்றேன். காரணம் மருத்துவம் சம்பந்தப்பட்டதே கிடையாது. மாத்திரை என்றால் அட்டை இருக்கும். எங்கள் பஜாரில் மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் சொந்தக்காரர். அட்டையின் பெயரைப் படித்து எதற்கான மாத்திரை என்று கண்டுபிடிக்க யாருக்கும் அரை நிமிஷம் போதும். நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பேச்சு காற்றோடு போய்விடும் என்று நினைத்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கு வாய் இருந்ததுதான் வினையாகப் போனது.

வாரம் ஒருநாள் போனில் கவுன்சலிங் (பயிற்சி பெற்றவரோடு பேசிப் பேசி, நினைப்பையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சிகிச்சை). ஓர் அம்மா பேசுவார். எங்கே உட்கார்ந்து பேசுவது? வீட்டில் ஆட்கள், கடையில் ஆட்கள். திருச்சுழியில் எங்களுக்கு ஒரு சின்னக் கிளைக்கடை உண்டு. அதைப் பார்க்கப் போகும் நாளில், பாதி வழியில் வண்டியை நிறுத்தி, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பேசுவேன். சுற்றிக் கரிசக்காடும் சீமைக்கருவேலமும்தான். யாரும் இல்லை என்று நினைத்தால் ஆடு மேய்க்கும் ஒரு அக்கா வந்து நிற்பார்.

"என்ன தம்பி, வண்டி பஞ்சரா?"

"ஆமாக்கா."

அடுத்த வாரமும் வந்தார். "இன்னைக்கும் பஞ்சரா?"

போனில் கவுன்சலிங் அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நான் சரக்கு விரித்துக் காட்டினேன். "பரவால்லம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் நல்லாருக்கு" என்பேன். தினமும் பிடித்த வேலை ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார், செய்ததாகச் சொல்லுவேன். ஒருநாள் அவர் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்கிட்ட எதையோ விக்கிற மாதிரியே பேசுறீங்க." நான் பெரிதாகச் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு இல்லை. இருக்க வேண்டாம் என்ற நினைப்பு முன்பு வந்து வந்து போகும். அந்த வாரங்களில் அது போவதை நிறுத்திக்கொண்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஜவுளிக்கடைத் தம்பி திருச்சுழி ரோட்டுப் பாலத்தில் உட்கார்ந்து வாரா வாரம் ஒரு பொம்பளையோடு போனில் பேசுகிறான் என்ற சேதி அண்ணன் காதுக்கு வந்தது. ஒரு மத்தியானம் என்னைக் கடை மாடிக்கு, சரக்குக் கட்டுகள் அடுக்கிய அறைக்குக் கூப்பிட்டார். போனால் ராஜேஸ்வரியும் அங்கே நிற்கிறாள்.

"யாருடா அவ?"

"யாருண்ணே?"

"பாலத்துல ஒக்காந்து பேசுறியாமே, அவ."

ராஜேஸ்வரி முந்திக்கொண்டாள். "அத்தான், அது டாக்டரம்மா. இவுகளுக்கு மனசு சரியில்ல. அதுக்குத்தான் பேசுறாக."

அண்ணன் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்றம்தான். கள்ள உறவு என்றால் அவருக்கு வைத்தியம் தெரியும். நாலு பெரிய மனிதரைக் கூட்டி வைத்துத் திட்டி முடித்துவிடுவார். இது அவருக்குத் தெரியாத சரக்கு.

"மனசுக்கு என்னடா? யாவாரம் நல்லா போகுது. பிள்ள நல்லா படிக்குது. என்ன கொற ஒனக்கு?"

சும்மாண்ணே, சரியாயிரும் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். அன்றைக்கு ஏனோ வெளியே வரவில்லை.

"முடியலண்ணே."

"தனியாப் போகணுமா? கடையப் பிரிச்சுக்குவமா? எதுனாலும் சொல்லுடா."

"உசுரோட இருக்கவே பிடிக்கலண்ணே. ரொம்ப நாளாவே."

ராஜேஸ்வரி என்னைப் பார்த்தபடியே இருந்தாள். "அன்னைக்கு டாக்டர்ட்ட வராதுன்னு சொன்னீகளே" என்றாள். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சுருங்கும்.

அண்ணன் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. எங்கள் பஜாரில் பகலில் ஷட்டர் இறங்கினால் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். "அண்ணாச்சி, என்ன, யாருக்கு?"

அண்ணன் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. "யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகிறக் கூடாதுன்னுதான் சாத்துறேன்."

அப்போதுதான் நான் அழுதேன். மாதக்கணக்கில் வராத அழுகை.

அன்று மாலையே மதுரையில் டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். லேசான நிலையில் பலருக்குப் பேச்சு மட்டுமே போதும், அதில் குணமானவர்கள் நிறைய. நோய் என் அளவுக்கு முற்றியிருந்தால் மாத்திரையும் வேண்டும், பேச்சும் வேண்டும் என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரமாகும். ஆரம்பத்தில் பதைபதைப்பு கூடக் கூடும், அதனால் என்னைத் தனியே விடக் கூடாது, மாத்திரையை ராஜேஸ்வரிதான் வைத்திருந்து தர வேண்டும் என்றார்.

"பழகிப் போயிராதா டாக்டர்? பொறகு அது இல்லாம இருக்க முடியாதும்பாகளே" என்றார் அண்ணன்.

இந்த வகை மாத்திரை போதைபோல அடிமைப்படுத்தாது, ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நேரம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

நான் யாருக்குப் பயந்தேனோ, அந்த மருந்துக்கடைக்கே நேராகப் போனார் அண்ணன். "தம்பிக்கு மனசுக்கு மாத்திரை. சீக்கிரம் குடுங்க" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். வண்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போயிற்று. போன மானத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. மறுவாரம் அந்த மருந்துக்கடைக்காரரே எங்கள் கடைக்கு வந்து, தன் மச்சினனுக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார்.

மாத்திரை தொடங்கிய நாட்கள் மோசமாக இருந்தன. வாய் வறண்டது, வயிறு புரட்டியது, கால்கள் முன்னைவிட அதிகமாக ஓடச் சொல்லின. டாக்டரைக் கூப்பிட்டோம், அளவை மாற்றி, பதற்றம் தணியக் கொஞ்ச நாளைக்கு வேறொன்றும் தந்தார். நான் நடந்தால் அண்ணனும் கூட நடந்தார். அவருக்கு மூட்டுவலி. பேச ஒன்றும் தெரியாமல், ரோட்டில் போகும் லாரியில் என்ன லோடு என்று சொல்லிக்கொண்டே வருவார். "சிமிண்ட்டு... இது வைக்கோலு..."

மாதக்கணக்கில் ருசியே தெரியாமல் விழுங்கியவன், பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு கூடிருச்சு" என்றேன். ராஜேஸ்வரி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள்.

மாத்திரை என்னை உட்கார வைத்தது. உட்கார்ந்த பிறகுதான் பேச முடிந்தது. இப்போது கவுன்சலிங் அம்மாவிடம் மாடி அறையிலிருந்தே பேசுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இந்த வாரம் மோசம் என்றால் மோசம் என்கிறேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது ஏதோ கெட்டது நடந்துவிடப் போகிறது என்று பயந்தேன். அவர், "சரி, எங்கேருந்து மோசமாச்சு, சொல்லுங்க" என்றார். அதோடு ஒரு மணி நேரம் போனது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது டாக்டர் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். மாத்திரையா பேச்சா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. உங்கள் நோயின் அளவைப் பார்த்து டாக்டர் சொல்லுவார். ஆனால் சாகணும்போல நினைப்பு வருதா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது, நாலு பேர் பக்கத்தில் இருந்தாலும் சரி, உள்ளதைச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் காட்டுங்கள். கூட வந்தவரை வெளியே போகச் சொல்லுங்கள். மரியாதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் முழுக்கத் தேறிவிட்டேன் என்று எழுத மாட்டேன். சில மத்தியானங்களில் எழுந்து போகச் சொல்லிக் கால்கள் இன்னும் அரிக்கின்றன. முன்பெல்லாம் உடம்பு என்பது கடையைத் திறந்து மூட உதவும் ஒன்று. இப்போது அதை அடிக்கடி விசாரிக்கிறேன். அதுவும் முறைத்துக்கொண்டு பதில் சொல்கிறது. நோய் முற்றியிருந்தபோது எனக்கு நாளை என்ற ஒன்றே இருக்கவில்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கு அந்தப் பக்கம் என்னால் எதையும் நினைக்க முடிந்ததில்லை.

போன ஆனி மாதம் ஈரோட்டு ஏஜெண்ட் சேம்பிள் பெட்டியோடு வந்தார். தீபாவளிச் சரக்கை எங்கள் தொழிலில் அப்போதே சொல்லி வைத்துவிட வேண்டும். வழக்கம்போல விலை பேசினோம், நிறம் பேசினோம்.

"புரட்டாசிக் கடைசில லோடு ஏத்திருவோம்ணே. இங்க கட்டுப் பிரிக்க ஆளு யாரு?" என்றார்.

"நாந்தான். வேற யாரையும் தொட விட மாட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. புரட்டாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கல்லாவில் அண்ணன் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏஜெண்ட் ஒரு மாம்பழ மஞ்சளை எடுத்துப் போட்டார். நான் அதன் முந்தியை விரித்தேன்.