வால் வெட்டிய முடிச்சு

அச்சிமுகம்மதுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். மருதமுனையில் தறிக்குழிக்குள் இருந்தால், அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவான். முடிந்த கையோடு இரண்டு வாலையும் பல்லால் நறுக்கிவிடுவான். வால் நீண்டால் அச்சுப் பல்லில் தடக்கும், சேலை கெட்டுப்போகும். பதினைந்து வருசமாக அந்தக் கைகளுக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் தறிக்குழியை மண்ணால் நிரப்பிவிட்டுப் போனது. அப்போது அவன் சாய்ந்தமருதில் றுகையாவை நிக்காஹ் முடித்து, ஊர் வழக்கப்படி அவள் வீட்டோடு குடிபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெண்வீட்டில் தொழிலில்லாமல் இருந்து தின்கிற மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு பிடிச் சோறும் தொண்டையில் நின்றுதான் இறங்கும். றுகையாவோடு கூடப்பிறந்த காக்கா முகைதீன்பாவா இருபது வருசமாகத் தோணி ஓட்டுகிறவர். சிரிக்கத் தெரியாத மனிதர். தன்னைப் பார்த்துப் பிறர் சிரித்தால் பொறுக்கவும் மாட்டார். வெள்ளம் வடிந்து கடல் அடங்கியதும் அவர்தான் வந்து கூப்பிட்டார்.

"தண்ணி இறைக்க ஒராள் வேணும். கடல் முடிச்சுத் தெரியுமா மச்சான்?"

"ஓம்" என்றான் அச்சிமுகம்மது. தெரியாது என்று சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும்? ஆனால் சொல்லவில்லை.

ஆடி மாதம். அதுவரை அவன் தண்ணீர் மட்டும்தான் இறைத்திருந்தான். விடியற்காலையில் தோணியைத் தள்ளும்போது முகைதீன்பாவா தாமான் கயிற்றைத் தடவிப் பார்த்தார். பாயின் கீழ்முனையிலிருந்து ஓட்டுகிறவன் கைக்கு வருகிற கயிறு அது. இழுத்தால் பாய் காற்றுப் பிடிக்கும், விட்டால் தோணி கிடந்து தள்ளாடும். நடுவில் ஒரு முழம் நைந்திருந்தது. "நைஞ்சத வெட்டிப்போட்டு முடி" என்று சொல்லிவிட்டு வலையை ஏற்றப் போனார். அச்சிமுகம்மது வெட்டினான், முடிந்தான். பழக்கதோசம், கத்தியை எடுத்து இரண்டு வாலையும் இரண்டு விரலளவுக்கு ஒட்ட நறுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

போகும்போது தரைக்காற்று தோணியைத் தள்ளிக்கொண்டு போனது. வழக்கமாக முற்பகலில் அது அடங்கிக் கடல்காற்று எழும்பும். அதில் சுகமாகத் திரும்பிவிடலாம். அன்றைக்கு அந்தத் தரைக்காற்று, கச்சான், அடங்கவில்லை. வெயில் ஏற ஏறச் சூளை வாயைத் திறந்ததுபோல் தரையிலிருந்து வீசியது. தென்னை வரிசை ஒரு கறுப்புக் கோடாகச் சுருங்கியது. இந்தக் காற்றில் சிக்கிக் கிழக்கே போன தோணிகளைப் பற்றிக் கரையில் யாரும் கதைப்பதில்லை.

"காத்துக்கு நேரா ஏற ஏலாது" என்றார் முகைதீன்பாவா. "வடக்க ஓடித் திருப்புவம், தெற்க ஓடித் திருப்புவம். மூண்டு திருப்பத்துல கரை. தண்ணிய இறை."

அவர் சுக்கானைக் கக்கத்தில் இடுக்கி, தாமான் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தார். கயிறு இரும்பாக விறைத்தது. தோணி சரிந்துகொண்டு வடக்கே ஓடியது. முதல் திருப்பத்தில் பாய் காற்றை விட்டுப் படபடவென்று அடித்தது. கயிறு தளர்ந்து சாட்டைபோல் துள்ளியது. மறுபக்கம் காற்றுப் பிடித்ததும் மறுபடி விறைத்தது. அச்சிமுகம்மது தண்ணீரை வீசிவிட்டு நிமிர்ந்தபோது முடிச்சு கண்ணில் பட்டது. வால்கள் ஒரு விரலளவுதான் இருந்தன.

தறியில் நூல் எப்போதும் இழுபட்டே நிற்கும், அங்கே அந்த முடிச்சு அவிழாது. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறு தளர்ந்து உதறுகிறது. ஒவ்வொரு உதறலிலும் வால் உள்ளே போகிறது. வால் நீளமாக இருந்தால் நூலைச் சுற்றியாவது இறுக்கியிருக்கலாம். அதைத்தான் அழகு பார்த்து வெட்டிவிட்டானே.

சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. 'ஓம்' என்று சொன்ன வாய். கரையில் இருபது பேர் சிரிப்பார்கள், றுகையா தலைகுனிவாள், மச்சான் அவனை இனித் தோணியில் ஏற்றமாட்டார். ஒருவேளை தாங்கும் என்று நினைத்தான். குனிந்து தண்ணீரை இறைத்தான்.

இரண்டாம் திருப்பம். பாய் அடித்தது, கயிறு துள்ளியது, விறைத்தது. வால் இப்போது நகக்கண்ணளவு. கரையில் ஆட்கள் எறும்பாகத் தெரியத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவு கிட்ட வந்துதான் மவுத்தாகப் போகிறோமா என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

"மச்சான், நான் பொய் சொல்லிப்போட்டன். எனக்குக் கடல் முடிச்சுத் தெரியா. இது தறி முடிச்சு. வாலையும் வெட்டிப்போட்டன். அடுத்த திருப்பத்துல அவிழும்."

முகைதீன்பாவா முடிச்சைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் வாயில என்னத்த வெச்சிருந்த நீ?"

"பாய இறக்கிட்டுத் திருப்பிக் கட்டுவமா?"

"இறக்கி ஏத்துறதுக்குள்ள கச்சான் கொண்டு போயிரும். மறுகா கரையக் காணமாட்டம்." காற்றைப் பார்த்தார். "உதறினாத்தானே அவிழும்?"

"ஓம்."

"அப்ப உதற விடாத."

அச்சிமுகம்மது இறைக்கிற சட்டியை எறிந்துவிட்டு எழும்பினான். முழங்காலைத் தோணி விளிம்பில் ஊன்றி, முடிச்சை இரண்டு கையாலும் பொத்தினான். "யா அல்லாஹ்" என்று முகைதீன்பாவா சுக்கானைத் தள்ளினார். பாய் காற்றை விட்டது. கயிறு அவனைத் தூக்கி அடித்தது. தோள் கழன்றதுபோல் வலித்தது. பொத்திய கையை அவன் விடவில்லை. உள்ளங்கைக்குள் முடிச்சு நெளிவது தெரிந்தது. இன்னும் நெரித்தான். அப்போது மறுபக்கம் காற்றுப் பிடித்தது. கையை எடுக்க நேரமில்லை. கயிறு விறைத்து வலது கையின் இரண்டு விரலை விளிம்போடு வைத்து நசுக்கியது.

முடிச்சு நின்றது. அலை உடைகிற இடத்தில் முகைதீன்பாவா சட்டென்று பாயை இறக்கி, பின்னால் வந்த அலையில் தோணியை ஏற்றிக் கரையில் செருகினார். கரைவலைக்காரர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். பாயைச் சுருட்டப்போன ஒருவன், கரையில் பெரிய பகிடிக்காரன், கயிற்றைத் தூக்கிக் காட்டினான்.

"இதென்ன, சேலைக்குப் போடுற முடிச்சு. ஆரு போட்ட?"

எல்லோரும் அச்சிமுகம்மதுவைப் பார்த்தார்கள். அவன் இரத்தம் வடிகிற கையை இடுப்புச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"நான்தான் போட்ட" என்றார் முகைதீன்பாவா. "மச்சானுக்கிட்டப் பழகின. சரியாப் பழகல்ல."

கரை முழுக்கச் சிரித்தது. யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கப் பொறுக்காத அந்த மனிதர், தலையைக் குனிந்து கயிற்றைச் சுருட்டினார்.

இரண்டு விரலும் பிறகு மடங்கவில்லை. தறி அவனுக்கு அதோடு சரி. 'தறிப்பாவா' என்ற பெயர் முகைதீன்பாவாவுக்கு ஒட்டியது, கடைசிவரை போகவில்லை. அடுத்த பெருநாளைக்குப் பிறகு ஒரு காலையில், அந்தப் பெயர் தன்னுடையது என்று இன்றைக்குக் கரையில் சொல்லிவிடப்போவதாக அச்சிமுகம்மது தோணியில் வைத்துச் சொன்னான்.

முகைதீன்பாவா பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிய இறை மச்சான்" என்றார்.